நீலம் வெளுக்கும் குழித்தட்டு: வன்னிக் கரைக்குப் பொருந்தும் எண்ணெய்ப் பற்றீரியா உணரி எது?

கடல்நீரில் எண்ணெய் தின்னும் பற்றீரியாவைக் கண்டறிய விற்கப்படுகிற, ஆய்வுகூடங்களில் கட்டப்படுகிற உயிருணரிகளைப் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம். எண்ணெய் பட்டால் ஒளிவிடும்படி மரபணு மாற்றிய பற்றீரியா ஒன்று. பற்றீரியாவின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் டி.என்.ஏ. முறை இன்னொன்று. மூன்றாவது, நீரில் ஒட்சிசன் குறைவதைப் பார்க்கும் ஒளியுணரி. நாலாவது, நீலச் சாயம் வெளுப்பதைப் பார்க்கும் 96 குழித் தட்டு. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ மாதா மாதம் பாவிப்பதற்கு என்றால் நாலாவதைத்தான் வாங்கச் சொல்வோம். விலை குறைவு என்பது காரணத்தில் பாதிதான். கேட்கவேண்டிய கேள்விக்கு நேரே பதில் தருவது அதுதான். பிழைபோகிற இடங்களும் அதில் நிறைய உண்டு. அவற்றைத்தான் கீழே கூடுதலாக எழுதியிருக்கிறோம்.

கேள்வி இதுதான்: இந்தக் கரையில் எண்ணெயைத் தின்னக்கூடிய உயிர்கள் இப்போது எத்தனை இருக்கின்றன, நாளைக்கு எண்ணெய் சிந்தினால் அந்த எண்ணிக்கை எவ்வளவு கூடும்? 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் எரிந்தது. மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு இருப்பது 2011 இல் உறுதியானது. பெரிய கப்பல் ஒருபுறம் இருக்கட்டும். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளின் கசிவு, படகின் அடியில் தேங்கும் அடிவள்ளத் தண்ணீர், கரையோர மீனவர் வாடியில் மாற்றி ஊற்றும் கழிவு எண்ணெய் எல்லாம் நாளாந்தம் சேர்வன. மாசு இல்லாத கடலில் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருந்தாலும், எண்ணெயின் மூலப்பொருளான ஐதரோகாபனைத் தின்பவை பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எண்ணெய் சிந்தியதும் அந்தச் சிறுபான்மைதான் சில நாட்களில் பெருகும். 1998 இல் விவரிக்கப்பட்டு வடகடலின் போர்க்கும் தீவின் பெயரைப் பெற்ற அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற பற்றீரியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீனியைக் கிட்டத்தட்டத் தொடாது. எண்ணெயில் உள்ள ஐதரோகாபன்களில் ஒரு வகையான அல்கேன்களைத் தின்றே வாழும். சிந்துவதற்கு முந்திய எண்ணிக்கை கையில் இருந்தால்தான் சிந்திய பின் வரும் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. ஆகவே ஒரு வருடம் முழுக்க, மாரியும் கோடையும் பார்த்துச் செய்யக்கூடிய முறையாக அது இருக்கவேண்டும்.

ஒளிரும் பற்றீரியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அல்கேனை உணரும் அல்க்-எஸ் என்ற புரதத்தையும், ஒளிதரும் லக்ஸ் மரபணுக்களையும் ஒரே கலத்தில் இணைத்திருப்பார்கள். சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வாறான பல கலவகைகளைச் சேர்த்து வடகடலில் சோதித்து 2010 இல் வெளியிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் அது காட்டுவது எண்ணெயை. எண்ணெய் தின்னும் பற்றீரியாவை அது காட்டாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்குகிறவர்கள் பலர். எங்கள் வெயிலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பற்றீரியாவிலிருந்து எடுத்த லூசிஃபரேஸ் என்ற ஒளிதரும் நொதியம் 30 பாகைக்கு மேல் நிலைகுலையும். ஒளி குறைந்தால் எண்ணெய் குறைந்ததென்று வாசிப்பீர்கள். ஃபோட்டோராப்டஸ் என்ற இன்னொரு பற்றீரியாவின் லக்ஸ் உள்ள வகை வெப்பம் தாங்கும். எதுவானாலும் அது மரபணு மாற்றிய உயிர். கார்ட்டஹேனா உயிர்ப்பாதுகாப்பு நெறிமுறையில் இலங்கை சேர்ந்திருப்பதால், அனுமதி எடுக்காமல் கொண்டுவருவதையோ களப்புக் கரையில் திறப்பதையோ நினைக்கவே கூடாது.

டி.என்.ஏ. முறை பற்றீரியாவைத்தான் தேடுகிறது. அல்கேனை உடைக்கும் முதல் நொதியத்தின் மரபணுவான அல்க்-பி அதன் இலக்கு. அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை நீரை 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, டி.என்.ஏ. பிரித்து, அதைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரிலோ மின்வாயிலோ அளக்கவேண்டும். ஒரே நாளில் பதில் வரும். குறைகள் மூன்று. செத்த கலத்தின் டி.என்.ஏ.யும் கணக்கில் சேரும். அல்க்-பி பல வடிவங்களில் இருப்பதால் அதைத் தேடி ஒட்டும் குறுந்துண்டான தொடக்கி ஒன்று எல்லாவற்றையும் பிடிக்காது. கண்டல் ஓரத்துப் பழுப்பு நீரில் உள்ள, உக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் பி.சி.ஆரைத் தடுத்துவிடும், விடத்தல்தீவுப் பக்கத்துச் சேற்றுநீரில் இது பெரிய தொல்லை. நல்ல ஆய்வுகூடம் பக்கத்தில் இருந்தால் தட்டு முறைக்குத் துணையாகப் பாவிக்கலாம்.

ஒட்சிசன் ஒளியுணரி எங்களுக்குப் பிடித்த கருவி. கண்ணாடிக் குப்பியின் உட்சுவரில் ஒட்டும் சிறு புள்ளி. வெளியே இருந்து ஒளியால் வாசிக்கலாம். பிரிசென்ஸ், பைரோசயன்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. எண்ணெய் விட்ட குப்பிக்கும் விடாத குப்பிக்கும் ஒட்சிசன் குறையும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதே முறை. ஓரிரு நாளில் பதில் கிடைக்கும். 30 பாகையில், கடல் உப்பில், நீர் முழுக்கக் காற்றூட்டப்பட்டாலும் ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 6.2 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு பாகை வெப்பம் மாறினாலும் வாசிப்பு நகரும். மின்சாரம் நின்று வளர்ப்புப் பெட்டி சூடேறினால் அந்த இரவின் தரவு முழுதும் போனதுதான். தொலுயீன் போன்ற கரைப்பான்கள் புள்ளியைக் கெடுப்பதால் பெற்றோல், மண்ணெண்ணெய் விட்டுச் சோதிக்கவும் தயங்கவேண்டும். எத்தனை கலங்கள் என்ற எண்ணையும் இது தராது. வேகத்தை அளக்க ஒளியுணரி, எண்ணிக்கைக்குத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனித் தட்டு. அதன் அடிப்படை 1941 இல் புஷ்னெலும் ஹாஸும் தந்த வளர்ப்பூடகம். அதில் காபன் துளியும் இல்லை. நீங்கள் விடும் எண்ணெய் மட்டுமே சாப்பாடு. 1993 இல் ஹான்சனும் கூட்டாளிகளும் டி.சி.பி.ஐ.பி. என்ற நீலச் சாயத்தைச் சேர்த்து இதை விரைவுச் சோதனையாக்கினார்கள். பற்றீரியா எண்ணெயை ஒட்சியேற்றும்போது வெளிவரும் இலத்திரன்களைச் சாயம் ஏற்கிறது. ஒட்சியேறிய நிலையில் நீலம், தாழ்த்தப்பட்டால் நிறமற்றது.

இந்த ஊடகத்தைத் தனித்தனி உப்புகளாகவும் கலக்கலாம், ஆயத்தமாகவும் வாங்கலாம். ஹைமீடியா நிறுவனத்தின் புஷ்னெல் ஹாஸ் தூள் எங்கள் தேவைக்குப் போதுமான தரம். லீற்றருக்கு 3.27 கிராம்: மகனீசியம் சல்பேற்று 0.2, கல்சியம் குளோரைட்டு 0.02, இரண்டு பொற்றாசியம் பொசுபேற்றுகளும் ஒவ்வொரு கிராம், அமோனியம் நைத்திரேற்று 1, பெரிக்குக் குளோரைட்டு 0.05. வாங்கும்போது ஆகச் சிறிய போத்தலையே எடுங்கள். 500 கிராம் போத்தல் 150 லீற்றருக்கு மேல் வரும். ஒரு தட்டுக்குத் தேவையானதோ 17 மில்லிலீற்றர் சொச்சம். மாரிக்காலத்து ஈரத்தில் தூள் கட்டிபட்டால் நிறுவை பிழைக்கும்.

கிருமியழித்ததும் அடியில் வெண்படிவு விழும், ஆறும்போது மஞ்சளாகும். தூள் பழுதென்று எண்ணி வீசிவிடாதீர்கள். பொசுபேற்றின் இயல்பு அது. படியவிட்டு மேலே உள்ள தெளிவை எடுத்தால் சரி. இதே காரணத்துக்காகத்தான் ஊடகத்தைக் கடல்நீரில் கரைக்கக்கூடாது என்கிறோம். கடல்நீரின் மகனீசியமும் கல்சியமும் பொசுபேற்றோடு சேர்ந்து முழுவதையும் கலக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் தூளைக் கரைத்துச் சோடியம் குளோரைட்டை மட்டும் சேர்க்கவேண்டும். கடைக்கு வரும் அயடின் சேர்த்த கறியுப்பு வேண்டாம். அயடேற்று ஒட்சியேற்றி என்பதால் சாயத்தின் கணக்கில் தலையிடும். ஆனையிறவுக் கல்லுப்பில் அயடின் இராவிட்டாலும் மகனீசியமும் கல்சியமும் கூடவே வரும், படிவு இரட்டிக்கும். ஆய்வுகூடத் தரமான உப்பு விலை கூடினதுமில்லை, தேவைப்படுவதும் கொஞ்சம்தான்.

உப்பு எவ்வளவு என்பது நீர் எடுக்கும் இடத்தைப் பொறுத்தது. திறந்த கடலுக்கு லீற்றருக்கு 30 கிராம். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்புக்கு ஒரே அளவைச் சொல்ல முடியாது: மாரி வெள்ளம் வந்தால் உப்பு இறங்கிவிடும், கோடையில் நீர் வற்ற வற்ற ஏறும். ஒவ்வொரு தடவையும் கையடக்க ஒளிமுறிவுமானியால் மாதிரியின் உப்பைப் பார்த்து ஊடகத்தை அதற்குச் சமமாக்குங்கள். அல்கனிவோராக்ஸுக்குச் சோடியம் கட்டாயம் வேண்டும். நன்னீர் அளவுக்கு உப்பை இறக்கினால் கலம் வளராது, தட்டு நீலமாகவே நிற்கும், “பற்றீரியா இல்லை” என்று தப்பாக எழுதுவீர்கள்.

ஓட்டோகிளேவ் இல்லாத பாடசாலை ஆய்வுகூடத்தில் 15 இறாத்தல் அமுக்கம் காட்டும் பெரிய பிரஷர் குக்கர் போதும். 121 பாகையில் 15 நிமிடம். போத்தலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவேண்டாம். சாயத்தை மட்டும் அதில் வைக்கக்கூடாது. 100 மில்லிகிராம் டி.சி.பி.ஐ.பி. சோடியம் உப்பை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, கபில நிறப் போத்தலில் 4 பாகையில் வையுங்கள். ஓரிரு வாரத்துக்குள் பாவித்து முடிக்கவேண்டும். ஆறிய ஊடகத்தின் ஒவ்வொரு 96 மில்லிலீற்றருக்கும் இதில் 4 மில்லிலீற்றர் சேர்த்தால் லீற்றருக்கு 40 மில்லிகிராம் வரும். வெறுங்கண்ணுக்குத் தெளிவான நீலம். இன்னும் கடும் நீலம் வேண்டுமென்று கூட்டினால் சாயமே வளர்ச்சியை அடக்கும்.

சாப்பாடாக எதை விடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கடலில் விழுவது மண்ணெண்ணெயும் டீசலும்தானே, அதையே விடலாமே என்ற நியாயம் சரிபோலத் தெரியும். ஆனால் மண்ணெண்ணெயின் ஆவி பக்கத்துக் குழிக்குப் போய் எண்ணெய் விடாத குழிக்கும் தீனி போடும். தட்டு பொலிஸ்டைரீனாக இருந்தால் இரண்டு எண்ணெயும் அடியை மங்கவைக்கும். பிறகு நிறம் பார்ப்பது எங்கே. டீசலின் சேர்மானமும் தொகுதிக்குத் தொகுதி மாறும். மாதாந்தக் கணக்குக்கு எக்ஸாடெக்கேன் என்ற தனி அல்கேனைப் பாவியுங்கள், குழிக்கு 2 மைக்ரோலீற்றர். வருடம் முழுக்க அதே பொருள் என்பதால் மாதங்களை ஒப்பிடலாம். 18 பாகையில் உறையும் பொருள். எங்கள் காலநிலையில் அந்தத் தொல்லையும் இல்லை, குளிரூட்டிய அறையில் மட்டும் கவனம். டீசலைச் சோதிக்க விரும்பினால் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தனியாகச் செய்யுங்கள். எண்ணெயைக் கரைக்க, சவர்க்காரம் போல் வேலை செய்யும் ட்வீன் 80 சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. நாங்கள் சேர்ப்பதில்லை. ட்வீனையே பற்றீரியா தின்னும். நீலம் வெளுக்கும், எண்ணெய் அப்படியே கிடக்கும்.

ஒரு நிலையத்து மாதிரிக்கு ஒரு தட்டு. எட்டு வரிசையும் ஒரே சோதனையின் எட்டு மீளல்கள். மாதிரியைத் தனிக் குழாய்களில் பத்துப் பத்தாக ஐந்து தடவை ஐதாக்குங்கள். ஐதாக்க அதே உப்புள்ள கிருமியழித்த நீர். குழிகளில் சாயம் சேர்த்த ஊடகம் 180 மைக்ரோலீற்றர் விட்டு, முதல் ஆறு நிரல்களில் ஐதாக்காத மாதிரியிலிருந்து இலட்சத்தில் ஒன்று வரை முறையே 20 மைக்ரோலீற்றர். ஏழு முதல் பத்து வரையான நிரல்களில் முதல் நான்கு ஐதாக்கங்கள் மறுபடியும், ஆனால் எண்ணெய் இல்லாமல். பதினோராம் நிரலில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிய மாதிரியும் எண்ணெயும். பன்னிரண்டில் ஊடகமும் எண்ணெயும் மட்டும். எண்ணெயைக் கடைசியாகவே விடவேண்டும். முதலில் விட்டால் பிப்பெற் நுனியில் ஒட்டி எண்ணெய் இல்லாத நிரலுக்கும் போய்விடும்.

மாதிரியை விட்டதும் பத்து நிமிடம் தட்டை விட்டு நகராதீர்கள். அதற்குள்ளேயே நீலம் மறைந்தால் அது பற்றீரியாவின் வேலை இல்லை. எந்தக் கலமும் அவ்வளவு விரைவாகத் தின்னாது. கறுத்த சேற்றிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு சாயத்தை நேரடியாகத் தாழ்த்தியிருக்கும். கோடையில் களப்பின் ஆழமற்ற ஓரங்களில், அழுகிய முட்டை மணம் வரும் நீரில் இதை எதிர்பார்க்கலாம். மாதிரிக்கு அரை மணித்தியாலம் மெல்லக் காற்றூட்டிவிட்டுப் புதுத் தட்டில் தொடங்குங்கள். கொதிக்கவைத்த நிரலை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். கொதிப்பில் சல்பைட்டு ஆவியாகிவிடும், அந்த நிரல் நீலமாக நின்று உங்களை ஏமாற்றும்.

வளர்ப்பு 28 முதல் 30 பாகை, இருட்டில். ஓரக் குழிகள் முதலில் வற்றும். மூடியைச் சுற்றிப் பராபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாள் ஒட்டி, ஈரத்துணி வைத்த றெஜிபோம் பெட்டிக்குள் தட்டை வைத்தால் வற்றுவதும் குறையும், மின்வெட்டு நேரத்து வெப்ப மாற்றமும் குறையும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கைபேசியால் படம் எடுங்கள். 600 நானோமீற்றரில் வாசிக்கும் கருவி இருந்தால் நல்லது, இராவிட்டால் வேலை நிற்காது. எண்ணெய் தின்னும் உயிர் நிறைய உள்ள நீரில் மூன்று, நான்கு நாளில் வெளுக்கத் தொடங்கும். இறுதி வாசிப்பைப் பதினான்காம் நாளில் எடுங்கள். குழியின் மேல்விளிம்பில் காற்றுப்பட்டு மெல்லிய நீல வளையம் திரும்பலாம்; அடியைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஒரு குழி இளஞ்சிவப்பானால் அது வெளுத்ததாகாது. பீ.எச். 6 க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள்; அந்தக் குழியை எண்ண வேண்டாம்.

எண்ணுவது, வெளுத்த குழிகளின் தொகையிலிருந்து கலங்களின் தொகையைக் கணிக்கும் ‘மிகச் சாத்தியமான எண்’ அட்டவணையால். எடுத்துக்காட்டாக, ஐதாக்காத நிரலில் எட்டுக்கு எட்டு, பத்தில் ஒன்றில் எட்டுக்கு எட்டு, நூறில் ஒன்றில் எட்டுக்கு மூன்று, அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றால் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 2300 கலங்கள். முதல் நிரலில் ஒரே ஒரு குழி மட்டும் வெளுத்தால் ஏறத்தாழ 6. இந்தத் தட்டின் அடிமட்டம் அதுதான். ஆழ்கடல் நீருக்குப் போதாவிட்டால் கண்ணாடிக் குழாய்களில் 10 மில்லிலீற்றர் மாதிரி விட்டுச் செய்யவேண்டும். எட்டு மீளல் வைத்தாலும் ஒவ்வொரு எண்ணும் இரண்டரை மடங்கு மேலோ கீழோ இருக்கலாம். ஆகையால் இரு மாதங்களுக்கிடையே நான்கு மடங்குக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றமென்று அறிக்கையில் எழுதாதீர்கள். எண்ணெய் இல்லாத நிரல்களும் அதே ஐதாக்கம் வரை வெளுத்திருந்தால் அந்தத் தட்டிலிருந்து எந்த எண்ணும் எடுக்கமுடியாது. மாதிரியில் பாசியும் கரைந்த சேதனப் பொருளும் கூடியிருக்கிறது.

தட்டால் சொல்லமுடியாத ஒன்றையும் சொல்லிவைக்கவேண்டும். குழிக்குள் நைதரசனும் பொசுபரசும் தாராளமாக இருக்கின்றன. கடலில் அவைதான் பற்றாக்குறை. 1989 இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் சிந்தியபோது கரைக்கு உரம் போட்டது அதனால்தான். தட்டு மூன்று நாளில் வெளுத்ததால் முல்லைத்தீவுக் கரையில் எண்ணெய் மூன்று நாளில் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. தின்னக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் தட்டு சாட்சி. அதுவும் அல்கேன் தின்பவர்களுக்கு மட்டும். நச்சு கூடிய பல்வளைய அரோமற்றிக்குகள் என்ற எண்ணெய்க் கூறுகளைத் தின்னும் சைக்லோகிளாஸ்டிக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் எக்ஸாடெக்கேன் தட்டில் தெரியாது.

நீர் எடுப்பதில் சோம்பினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. கிருமியழித்த கண்ணாடிப் போத்தல். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டும். படகில் போனால் இயந்திரத்தை நிறுத்தி, நீரோட்டத்துக்கு எதிராக, படகின் முன்புறமான அணியப் பக்கமாகக் கைநீட்டி, மேற்பரப்புப் படலத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் மூடியைத் திறக்கவேண்டும். சொந்தப் படகின் மண்ணெண்ணெய்ப் படலத்தை அள்ளிக்கொண்டு வருவது வழக்கமான பிழை. வட்டுவாகல், நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரம், மேற்கில் பேசாலை, தலைமன்னார் இறங்குதுறை என்று நிலையங்களை நிரந்தரமாக்கி, வாடிகளுக்கு நேரே ஒன்றும் அவற்றிலிருந்து விலகி ஒன்றும் எடுத்தால் ஒப்பீடு கிடைக்கும். போத்தலை ஐஸ் மீது நேரே வைக்காமல் துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். உறைந்தால் கலம் வெடிக்கும். ஆறு மணித்தியாலத்துக்குள் தட்டில் விடுவது உத்தமம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதியால் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்கோ, மன்னாரிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகப் பக்கமோ அதற்குள் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

வாசித்து முடிந்த தட்டில் இருப்பது உயிருள்ள, நீங்களே வளர்த்துப் பெருக்கிய பற்றீரியா. நூற்றுக்கு ஒன்று ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, எண்ணெய்க் கழிவைத் தனிக் கலனில் சேருங்கள், கழுவுதொட்டியில் ஊற்றவேண்டாம்.